தங்கம் என்பவரும் தகரம் என்பவரும்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு, ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கூளிப்பாளையம் குளத்தில் பறவை பார்ப்பது என்று எழுதியிருந்தீர்கள். பேன்ட் பாக்கெட்டில் அடங்குகிற மாதிரி ஒரு ஜூம் கேமரா வாங்க ஆசைப்பட்டு, ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடம் விசாரித்துக் குழம்பிய கதையையும் சொல்லியிருந்தீர்கள். "அண்ணா, ஒருத்தர் தங்கம்ங்கறார், இன்னொருத்தர் தகரம்ங்கறார். ரெண்டு பேரு கையிலயும் ஒரே கேமராதானுங்க. யாரை நம்பறது?" இதே கேள்வி வேறு பலரிடமிருந்தும் வருகிறது. அதனால்தான் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இரண்டு பேரையும் நம்புங்கள். இருவரும் சொல்வது உண்மைதான். எத்தனை மணிக்கு எடுத்தார், எவ்வளவு தூரத்தில் எடுத்தார், எதை எடுத்தார், அதற்கு முன் கையில் என்ன வைத்திருந்தார் என்று மட்டும் கூடவே கேட்டுவிடுங்கள். அந்த நான்கும் தெரியாமல் ஒருவருடைய அபிப்பிராயத்தை வாங்கி வைத்துக்கொண்டு பிரயோஜனமில்லை.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கேனன் எஸ்எக்ஸ்740 மாடலையே எடுத்துக்கொள்வோம். 2018இல் வந்தது. எடை 299 கிராம். 40 மடங்கு ஜூம் என்று பெட்டி மேல் போட்டிருக்கும். இந்த 40 என்பது லென்ஸின் நீள முனைக்கும் குறுகிய முனைக்கும் உள்ள விகிதம், அவ்வளவுதான். பழைய ஃபிலிம் கேமராக் கணக்கில் சொன்னால் 24 மி.மீ.இல் தொடங்கி 960 மி.மீ. வரை போகும். கேனனின் இன்னொரு மாடலான எஸ்எக்ஸ்70, 65 மடங்கு; 21இல் தொடங்குவதால் 1365இல் முடிகிறது. நிக்கான் பி900, 83 மடங்கு; 24இலிருந்து 2000 வரை. மடங்கை மட்டும் கேட்டு வாங்குவது, சைஸ் கேட்டுவிட்டு, துணியின் கனத்தைச் சொல்லும் ஜிஎஸ்எம் கேட்காமல் பனியன் ஆர்டர் எடுப்பது மாதிரி. உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கேமராவில் கேட்க வேண்டிய ஜிஎஸ்எம் எது? ஜூமை முழுக்க நீட்டிய நிலையில் லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பது. எஸ்எக்ஸ்740 முழு நீளத்தில் எஃப்/6.9. லென்ஸின் குவியத் தூரத்தை இந்த எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழையும் வாசல் 25 மி.மீ. அகலம்தான் வரும். பி900இல் அதே வாசல் 55 மி.மீ. பரப்பில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அதனால்தான் அது 899 கிராம் எடை, அதனால்தான் அது பாக்கெட்டில் அடங்காது. சின்னதாகவும் இருக்க வேண்டும், தூரமும் எட்ட வேண்டும், இருட்டிலும் எடுக்க வேண்டும் என்றால் கண்ணாடி ஒத்துக்கொள்ளாது. எந்த நிறுவனத்தின் இன்ஜினீயரும் இதைத் தாண்ட முடியாது.

உள்ளே இருக்கும் சென்சாரும் சின்னதுதான். அகலம் ஏறத்தாழ 6.2 மி.மீ., உயரம் 4.6 மி.மீ. கல்யாண ஃபோட்டோகிராஃபர் கழுத்தில் தொங்கும் ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36க்கு 24. பரப்பில் முப்பது மடங்கு பெரியது. ஆனால் இதை முழுக்கக் குறையாகவே சொல்லிவிட முடியாது. சென்சார் சின்னதாக இருப்பதால்தான் 960 மி.மீ. எட்டும் லென்ஸை 172 மி.மீ. குவியத் தூரத்தில் செய்து, மடக்கி, நாலு சென்டிமீட்டர் கனத்துக்குள் திணிக்க முடிகிறது. ஃபுல் ஃபிரேமில் அந்த எட்டம் வேண்டுமென்றால் தோளில் சுமக்க வேண்டும், கடனும் வாங்க வேண்டும்.

இப்போது உங்கள் தகரக்காரரிடம் வருவோம். அவர் என்ன எடுத்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: தங்கை மகளின் பள்ளி ஆண்டு விழா, பின் வரிசையிலிருந்து, ராத்திரி ஏழு மணிக்கு. தகரம் என்று அவர் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? மண்டபத்தில் மேடை விளக்கு போதாது. லென்ஸை முழுக்க நீட்டினால் எஃப்/6.9. எஃப்/2.8 லென்ஸ் வாங்கும் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்குதான் உள்ளே போகும். கேமரா ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தைப் பெருக்கிக்காட்டும் அளவை, 3200க்கு ஏற்றும். குழந்தை பரத நாட்டியம் ஆடிக்கொண்டிருக்கும். ஷட்டர் வேகம் போதாமல் கை இழுத்த கோடாக விழும். முகத்தில் மாவு தூவினது போலப் புள்ளி. அவர் கோபம் நியாயமானது. ஆனால் உங்களுக்கு அது உதவாது, ஏனென்றால் நீங்கள் எடுக்கப்போவது ஆண்டு விழா இல்லை.

தங்கக்காரர் காலை எட்டு மணிக்குக் குளத்தங்கரையில் நின்று எடுப்பவர். இதற்கு முன்பு அவர் கையில் இருந்தது ஃபோன். ஃபோனில் பொட்டாகத் தெரிந்த மீன்கொத்தி இதில் கண்ணும் அலகுமாகத் தெரிந்தால் தங்கம் என்றுதான் சொல்வார். இதையே ஏற்கெனவே பெரிய கேமராவும் 600 மி.மீ. லென்ஸும் வைத்திருப்பவர் வாங்கினால், இறகின் இழை தெரியவில்லை என்று குறைப்படுவார். ஒரே படம்தான், ஒப்பிடும் ஆள்தான் வேறு.

வாங்கிய முதல் வாரத்தில் சொல்லும் அபிப்பிராயத்தைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். அந்த வாரம் எல்லோரும் நிலாவை எடுப்பார்கள். பி900 வந்த 2015இல் உலகம் முழுக்க அந்தக் கேமரா பேசப்பட்டதே நிலாவை இழுத்துக்காட்டும் வீடியோக்களால்தான். 2000 மி.மீ.இல் முழு நிலா படத்தின் உயரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வரும், 960 மி.மீ.இல் மூன்றில் ஒரு பங்கு. பள்ளங்கள் தெளிவாகத் தெரியும், பார்க்க ஆனந்தமாகத்தான் இருக்கும். ஆனால் நிலா என்பது நேரடி வெயிலில் கிடக்கும் பாறை. அசையாது, வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. அதை எடுக்க முடிந்ததை வைத்துப் பறவைக்கு முடிவு கட்டக் கூடாது. இரண்டு வருஷம் வைத்திருந்தவர் சொல்வதற்குத்தான் எடை அதிகம். அவரிடம் கேட்டால் ஜூமைப் பற்றிப் பேசவே மாட்டார். பேட்டரி, தூசி, வெயிலில் திரை தெரியாதது, இந்த மூன்றைத்தான் பேசுவார்.

பறவைக்கு வெளிச்சக் கணக்கு எப்படி என்று பாருங்கள். ஃபிலிம் காலத்து விதி ஒன்று உண்டு: நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ 100இல், எஃப்/16 வைத்தால் ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு. அதை எஃப்/6.9க்கு மாற்றினால் ஐந்நூறில் ஒரு பங்கு சொச்சம் வரும். பறவை தலையைத் திருப்புவதையும், நீட்டிப் பிடித்த கை நடுங்குவதையும் உறைய வைக்க அந்த வேகம் வேண்டும். ஆக, சுளீரென்ற வெயிலில்தான் இந்தக் கேமரா ஐஎஸ்ஓ 100இல் நிம்மதியாக ஓடும். காலை ஏழரை, எட்டு மணி வெயிலில் 400, 800 ஆகும், சமாளித்துவிடும். மேகம் மூடினால் 1600. சாயங்காலம் ஆறு மணிக்கு, நீங்கள் ஷிப்ட் முடிந்து ஓடிப்போய் நின்றால், அதன் உச்சமான 3200இல் போய் முட்டும். அப்போது கேமரா புள்ளிகளைத் தேய்த்து அழிக்கப் பார்க்கும். புள்ளியோடு இறகும் அழிந்துபோகும். எஸ்எக்ஸ்740இல் ரா ஃபைல் (கேமரா கைவைக்காத மூலப் பதிவு) கிடையாது என்பதால் பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மீட்கவும் வழியில்லை. எஸ்எக்ஸ்70இல் அந்த வசதி உண்டு.

வெயில் ஏறின பிறகு வேறு தொல்லை. பத்தரை, பதினொரு மணிக்குக் கரை மேலும் தண்ணீர் மேலும் காற்று நெளிய ஆரம்பிக்கும். அந்தக் கானல் வழியாக நூறு மீட்டர் தள்ளி நிற்கும் பறவையை எடுத்தால் லட்ச ரூபாய் லென்ஸும் கலங்கிய படம்தான் தரும். ஃபோகஸ் சரியில்லை என்று கேமராவைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் உண்மையில் காற்றைத்தான் திட்டுகிறார்கள். ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தையும் கவனியுங்கள். வலசைப் பறவைகள் ஐப்பசியில் வரும்போது வடகிழக்குப் பருவமழை மேகமும் கூடவே வந்துவிடும். தை, மாசியில்தான் பறவையும் இருக்கும், வெளிச்சமும் இருக்கும். தமிழ்நாடு முழுக்க 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கலுக்குக் கம்பெனியும் லீவுதான். உங்களுக்குத் தோதான நாட்கள் அவை.

தூரத்துக்கும் ஒரு கணக்கு தருகிறேன். முப்பது மீட்டர் தள்ளி, மின்கம்பியில் ஒரு வெண்தொண்டை மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. அலகு முதல் வால் வரை ஒரு முழத்துக்கும் குறைவு, 27, 28 சென்டிமீட்டர். 960 மி.மீ.இல் படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை அது பிடிக்கும். பிரிண்ட் போட்டு மாட்டலாம். நூறு மீட்டருக்குப் போனால் பத்தில் ஒரு பங்கு. என்ன பறவை என்று சொல்ல முடியும், மாட்ட முடியாது. சேற்றில் ஓடும் கொசு உள்ளான் அதில் பாதி அளவுதான். ஆனாலும் அதன் கால் கறுப்பா, மஞ்சள் கலந்த பச்சையா என்று தெரிந்தால் போதும், இரண்டு வகையில் எது என்று முடிவு கட்டிவிடலாம். பறவை பார்ப்பவர்கள் இதை ரெக்கார்டு ஷாட் என்பார்கள். அழகுக்கு இல்லை, அத்தாட்சிக்கு. பாக்கெட் ஜூம் கேமராவின் முழு மதிப்பும் இங்கேதான் இருக்கிறது. மங்கோலியாவில் ஆராய்ச்சிக்காகக் கழுத்துப்பட்டை மாட்டிவிட்ட வரித்தலை வாத்துகள் கர்நாடக ஏரிகளுக்கு வந்திருக்கின்றன. பட்டையில் இருக்கும் எழுத்தைப் படித்து எழுதி அனுப்பினால் பறவை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அந்த எழுத்தைப் படிக்க ஒரு சுமாரான நீள ஜூம் படம் போதும்.

அப்படியானால் ஃபோனே போதாதா என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். 2020இல் சாம்சங் ஃபோனில் 100 மடங்கு ஜூம் என்று விளம்பரம் வந்தது. அதில் கண்ணாடி செய்யும் வேலை கொஞ்சம், மீதி மென்பொருள். 2023 மார்ச்சில் ஒருவர் நிலாவின் மங்கலான படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்து அதை அந்த நிறுவனத்தின் ஃபோனில் எடுத்துக்காட்ட, திரையில் இல்லாத பள்ளங்கள் ஃபோன் படத்தில் இருந்தன. பெரிய விவாதமானது. நிலாவுக்கு அது நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். உள்ளானின் காலுக்கு நடந்தால் உங்கள் குறிப்பே பொய்யாகிவிடும். கேமராவிலும் இந்த மாயம் சின்ன அளவில் உண்டு: எஸ்எக்ஸ்740இல் ஜூம்பிளஸ் என்று 80 மடங்கு வரை காட்டும். 40க்கு மேல் போவதெல்லாம் எடுத்த படத்தை ஊதிப் பெருக்குவதுதான். முதல் நாளே அதை அணைத்துவிடுங்கள்.

இனி யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்று. சொன்னவர்கள் யாரும் நிட்டிங் கூடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் இல்லை போலிருக்கிறது.

இந்த வகைக் கேமராவில் லென்ஸ் குழாய் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியிருக்கும். பொத்தானை அழுத்தினால் வெளியே நீளும். நீளும்போது உள்ளே இடம் கூடுகிறது. அந்த இடத்தை நிரப்பக் குழாய் இடுக்கு வழியாகக் காற்று போகிறது. காற்றோடு தூசியும் போகிறது. சாதாரண ஊரில் அது சாலைத் தூசி. திருப்பூரில் பஞ்சு. கூடத்துச் சீலிங் ஃபேன் இறக்கையில் பஞ்சு படிந்து திரிதிரியாய்த் தொங்குவதைத் தினமும் பார்க்கிறீர்கள். அந்தக் காற்றில்தான் வேலைக்கு வந்தவர்களின் பை, சட்டை எல்லாம் இருக்கின்றன. ஒரே ஒரு இழை உள்ளே போய்ச் சென்சார் மேல் உட்கார்ந்தால் போதும். அகலக் கோணத்தில் தெரியாது. ஜூமை நீட்டி வானத்தையோ தண்ணீரையோ எடுக்கும்போது, எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் நிறக் கறை. லென்ஸ் கழற்றும் கேமரா என்றால் கழற்றி ஊதிவிடலாம். இதில் கழற்ற முடியாது. சர்வீஸ் சென்டரில் முழுதாகப் பிரித்துத்தான் துடைக்க வேண்டும். அந்தக் கூலியைக் கேட்டதும் பாதிப் பேர் கறையோடே வாழப் பழகிக்கொள்கிறார்கள்.

ஆகவே கம்பெனிக்குக் கேமராவைக் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோனாலும் உள்ளே வைத்து ஆன் செய்யாதீர்கள். மெஷினில் பஞ்சு ஊத வைத்திருக்கும் ஏர் கன்னால் கேமராவை ஊதிச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வெளியே இருப்பதையும் அது உள்ளே தள்ளிவிடும். ஜிப் போட்ட பாலி பேக்கில் போட்டு, கூடவே பேக்கிங் பிரிவில் கிடக்கும் சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டு. உங்கள் ஊரில் இந்த இரண்டுக்கும் பஞ்சம் வராது. மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் அதுவே போதும்.

சாம்பிள் துணியின் ஷேடை இதில் எடுத்துப் பையருக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்குப் பதில்: கூடாது. எந்தக் கேமராவிலும் கூடாது. லைட் பாக்ஸுக்குள் வைத்துக் கண்ணால் பார்க்க வேண்டியதைப் படமாக்கினால் கேமரா ஒரு நிறம் சொல்லும், பார்க்கிறவர் திரை ஒரு நிறம் சொல்லும். இதோடு விட்டுவிடுவோம்.

வெயிலில் திரை தெரியாத விஷயம். எஸ்எக்ஸ்740இல் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை. இதைப் பெரிய குறை என்று சொல்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு. முழு ஜூமில் படத்தின் அகலம் இரண்டு டிகிரிதான். கையை முன்னால் நீட்டி, மங்கிய திரையைப் பார்த்துக்கொண்டு, அந்த இரண்டு டிகிரிக்குள் பறவையைக் கொண்டுவருவது லேசு இல்லை. முதலில் குறைந்த ஜூமில் பறவையை நடுவில் நிறுத்துங்கள். பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு நீட்டுங்கள். தவறிவிட்டால், ஜூமைச் சற்றுப் பின்னால் இழுத்துத் தேட உதவும் ஃபிரேமிங் அசிஸ்ட் பொத்தான் ஒன்று அதில் இருக்கிறது. எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் அதைத் தொடாமலே வைத்திருக்கிறார்கள்.

பழகிக்கொள்ள நீலத் தாழைக்கோழியைவிட நல்ல பறவை இல்லை. நிதானமாக நடக்கும், நிறம் கண்ணைப் பறிக்கும், ஆனால் எப்போதும் கோரைக்குள் நிற்கும். கேமராவை அப்படியே விட்டால் ஃபோகஸ் முன்னால் இருக்கும் கோரைத் தண்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் நீலமாக ஏதோ ஒன்று கரைந்து தெரியும். ஃபோகஸ் கட்டத்தை நடுவில், மிகச் சிறிய அளவுக்கு மாற்றி, தண்டுகளுக்கு இடையில் அதன் சிவந்த நெற்றிப் பட்டையைக் குறி வையுங்கள். பொத்தானைப் பாதி அழுத்தி விட்டு, மறுபடி பாதி அழுத்தி, இரண்டு மூன்று தடவை பார்த்தால் பிடிக்கும். அடுத்து வெள்ளைக் கொக்கு. கறுத்த தண்ணீரில் நிற்கும் கொக்கை எடுத்தால் இறகெல்லாம் வெளுத்துச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் கேமரா தண்ணீரைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து வைத்தால் இறகு மீண்டு வரும். வெள்ளை வெளுத்துப்போகிறது என்ற புகாருக்கு மருந்து அவ்வளவுதான்.

பேட்டரி: ஒரு சார்ஜுக்கு 265 படம் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஜூமை நீட்டி மடக்கிக்கொண்டே இருந்தால் அவ்வளவு வராது. இன்னொரு பேட்டரி வாங்குவதைக் கேமரா விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

புதிது கிடைப்பது வர வரச் சிரமமாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2010இல் ஜப்பானிய நிறுவனங்கள் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். பெரும்பாலும் பாக்கெட் கேமராக்கள். 2023இல் எல்லா வகையும் சேர்த்து 77 லட்சம் சொச்சம். ஃபோன் தின்றுவிட்டது. 2025இல் பானசோனிக் டிஇசட்99, நிக்கான் பி1100 என்று இரண்டு வந்தன. இரண்டும் பழைய மாடல்கள்தான்; டைப்-சி சார்ஜர் வாசலே முக்கிய மாற்றம். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பாவில் ஃபோன், கேமரா போன்ற கருவிகளுக்கு ஒரே வகைச் சார்ஜர் என்ற சட்டம் வந்ததற்குச் செய்த ஏற்பாடு அது. பானசோனிக்காரர்கள் அந்தச் சாக்கில் முந்தைய மாடலில் இருந்த வியூஃபைண்டரையும் எடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவின் விதி மாறினால் உங்கள் கம்பெனியில் லேபிள் மாறுவதைப் போல அங்கேயும் மாறுகிறது.

அதனால் பழையதை வாங்க நேரலாம். கோயம்புத்தூர்க் கடையிலோ தெரிந்தவரிடமோ வாங்கும்போது ஒரு வெள்ளைத் துணியைக் கையோடு எடுத்துப் போங்கள். நன்றாக வெளிச்சம் விழும் இடத்தில் அதை விரித்து, ஜூமை முழுக்க நீட்டி, லென்ஸ் திறப்பைச் சிறிதாக்கி, ஃபோகஸ் விழாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். துணியில் ஓட்டை, கறை தேடும் கண் உங்களுடையது. விற்பவரைவிட உங்களுக்குத் தெளிவாகத் தெரியும். லென்ஸ் நீளும்போது அரைக்கும் சத்தம் கேட்டாலோ, பேட்டரி உப்பியிருந்தாலோ விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

பி900காரர்கள் சொல்வதையும் கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். எட்டத்தைப் பற்றி அவர்கள் சொல்வது மிகை இல்லை. நொடிக்கு ஏழு படம், ஏழு படத்தோடு மூச்சு வாங்கி நின்றுவிடும் என்று அலுத்துக்கொள்வதும் உண்மை. ரா ஃபைல் அதிலும் இல்லை. பிறகு வந்த பி950இல் சேர்த்தார்கள், எடை ஒரு கிலோவைத் தாண்டியது. 3000 மி.மீ. எட்டும் பி1000, 1415 கிராம். பைக்கில் ஊத்துக்குளி ரோட்டில் போய்வர அது தேவையா என்று நீங்களே யோசியுங்கள்.

உபகரணம் போதவில்லை என்ற ஏக்கம் வரும்போது மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர், அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் பாகங்களை ஒட்டவைத்து அவரே தயாரித்துக்கொண்ட கனத்த கருவிக்கு சூப்பர் பாண்டரோசா என்று கேலியாகப் பேர் வைத்து, அதில் கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். இன்று உங்கள் பாக்கெட்டில் அடங்கப்போகும் கேமரா அந்தக் கருவி கனவிலும் செய்யாததைச் செய்யும். அவருக்கு யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதைக் கடையில் விற்பதில்லை.

உங்கள் குளமும் லேசுப்பட்டதில்லை. கூளிப்பாளையம் குளம் என்று நீங்கள் எழுதியிருக்கும், நல்லாற்று நீர் சேரும் நஞ்சராயன் குளம், சர்க்கார் பெரியபாளையம், நெருப்பெரிச்சல் கிராமங்களை ஒட்டி 125 ஹெக்டேருக்கு மேல் விரிந்தது. 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலியோடு சேர்த்து ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. 191 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. நொய்யலையும் சாயப்பட்டறைக் கழிவையும் பற்றி மட்டுமே வெளியூர்க்காரர்கள் பேசும் ஒரு ஊரில், பனியன் கம்பெனிகளுக்குக் கூப்பிடு தூரத்தில் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் இறங்குகின்றன. இந்த 191க்குள் எது எந்த மாதம் வந்தது, எத்தனை வந்தது என்பதற்குத் தேதி போட்ட படங்கள் எவ்வளவு சேர்ந்தாலும் உபயோகம்தான். உங்கள் படம் மங்கலாக இருந்தாலும் தேதியும் இடமும் சரியாக இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. கேமராவில் கடிகாரத்தைச் சரியாக வையுங்கள்.

முடிவாக என் அபிப்பிராயம், நீங்கள் கேட்டதால். பாக்கெட்டில் அடங்க வேண்டும் என்பதில் நீங்கள் பிடிவாதமாக இருந்தால் எஸ்எக்ஸ்740 வாங்குங்கள். காலை வெளிச்சத்தில், ஐம்பது மீட்டருக்குள், உங்களுக்கு அது தங்கம்தான். சின்னத் தோள்பை மாட்டச் சம்மதம் என்றால் பழைய எஸ்எக்ஸ்70 ஒன்று நல்ல நிலையில் கிடைக்கிறதா என்று பாருங்கள். 610 கிராம், வியூஃபைண்டர் இருக்கிறது, ரா இருக்கிறது, 1365 மி.மீ. எட்டும். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் எடுப்பேன். ஆண்டு விழாவுக்கு இரண்டில் எதையும் எடுத்துப் போகாதீர்கள். சித்திரையில் அவிநாசித் தேருக்குத் தாராளமாக எடுத்துப் போங்கள். பகல் வெளிச்சத்தில் தேர்ச் சிற்பமும் கோபுர பொம்மைகளும் அருமையாக வரும்.

ஒரு வேண்டுகோள். ஜூம் இருப்பதே கிட்டே போகாமல் இருப்பதற்குத்தான். படம் போதவில்லை என்று கரையை விட்டுச் சேற்றுக்குள் இறங்காதீர்கள். பறவை கழுத்தை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். கூடு இருக்கும் மரத்தடிக்கு யாரையும் கூட்டிப்போகாதீர்கள். வாங்கி ஆறு மாதம் கழித்து உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரத்தில், எதை எடுத்தீர்கள் என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்